மைலோமாவில் எலும்பைப் பார்க்க எந்த ஸ்கேன்? போன் ஸ்கேன், மிபி, பெட்-சிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய்களில் எலும்பை அதிகம் சிதைப்பது மல்டிபிள் மைலோமா. நோய் தெரிந்தவுடன் ஸ்கேன்கள் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. ஒன்றின் முடிவு இன்னொன்றோடு பொருந்தாமல் போகும்போது குழப்பம் தொடங்குகிறது. நோயாளிகளும் உடன் வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அணு மருத்துவ ஸ்கேன்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். எம்ஆர்ஐயும் சிடியும் ஒப்பிடத் தேவையான அளவுக்கு வரும்.

மைலோமா ரத்தத்தின் நோய்தானே, எலும்பு ஏன் கெடுகிறது?

மைலோமா என்பது பிளாஸ்மா செல்களின், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் ஒரு வகை வெள்ளணுக்களின் புற்றுநோய். இந்தச் செல்கள் குடியிருப்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். ஆரோக்கியமான எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். கரைக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர், கட்டும் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். மைலோமா செல்கள் கரைக்கும் செல்லைத் தூண்டிவிடுகின்றன. டிகேகே-1 போன்ற புரதங்களைச் சுரந்து கட்டும் செல்லை முடக்கவும் செய்கின்றன. அதனால் எலும்பு கரைகிறது, கரைந்த இடம் நிரம்புவதில்லை.

மார்பகம், புராஸ்டேட் போன்ற இடங்களில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது, எலும்பு பதிலுக்குப் புதிதாகக் கட்டவும் முயலும். மைலோமாவில் அந்த முயற்சி மிகக் குறைவு, பல இடங்களில் இல்லவே இல்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

அணு மருத்துவ ஸ்கேன் சிடி, எக்ஸ்ரேயிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

எக்ஸ்ரேயும் சிடியும் வெளியிலிருந்து கதிரை உடலுக்குள் செலுத்தி, எலும்பின் வடிவத்தைப் படம் பிடிக்கின்றன. அணு மருத்துவத்தில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை ஒரு மருந்தோடு பிணைத்து ரத்தக் குழாயில் ஊசியாகப் போடுகிறார்கள். அந்த மருந்து உடலில் எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கிருந்து கதிர் வெளியே வரும், கேமரா அதைப் பதிவு செய்யும். அதாவது, படத்தில் தெரிவது உடலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை.

ஆகவே எந்த அணு ஸ்கேன் என்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மருந்து எதைத் தேடிப் போகிறது? போன் ஸ்கேன் மருந்து எலும்பு கட்டப்படும் இடத்தைத் தேடிப் போகிறது. மிபியும், பெட் ஸ்கேனில் போடும் எஃப்டிஜி என்ற மருந்தும் உயிருள்ள, சுறுசுறுப்பான செல்லைத் தேடிப் போகின்றன. ஸ்கேன்களுக்கு இடையிலான வேறுபாடு இயந்திரத்தின் விலையிலோ புதுமையிலோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி வேறுபாடு அந்த ஊசியில் இருக்கிறது.

போன் ஸ்கேன் நார்மல் என்று வந்திருக்கிறது. எலும்பில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

மைலோமாவைப் பொறுத்தவரை, இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

போன் ஸ்கேனில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை எம்டிபி என்ற பாஸ்பேட் வகைச் சேர்மத்தோடு பிணைத்துப் போடுகிறார்கள். 1971ல் ஜி. சுப்பிரமணியன், ஜே. ஜி. மெக்காஃபி இருவரும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு இணைத்து எலும்பைப் படமெடுக்க முடியும் என்று காட்டியதிலிருந்து வளர்ந்த முறை இது. அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் அருமையான பரிசோதனை. ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்துப் படமெடுப்பார்கள். புதிதாகத் தாது படியும் எலும்பில் மருந்து ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் கறுத்த புள்ளியாகத் தெரியும்.

இங்கேதான் சிக்கல். கொத்தனார் வேலை பார்க்கும் இடத்தைத்தான் போன் ஸ்கேன் காட்டும். சுவர் இடிந்து கிடக்கும் இடத்துக்குக் கொத்தனாரே வரவில்லை என்றால் அதன் கண்ணுக்கு அந்த இடிபாடு தெரியாது. மைலோமாவில் கட்டும் செல்கள் முடக்கப்பட்டிருப்பதால், பெரிய அரிப்பு இருக்கும் எலும்புகூட போன் ஸ்கேனில் சாதாரணமாகத் தெரியலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட மைலோமா வழிகாட்டுதலில், இந்த நோயின் எலும்புச் சேதத்தைக் கண்டுபிடிக்க ஐசோடோப் போன் ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்றே நேரடியாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியும் இது இன்னும் எழுதப்படுகிறது. முதுகுவலியோடு வரும் ஒருவருக்கு மைலோமா இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. "புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா பார்ப்போம்" என்று போன் ஸ்கேன் எடுப்பார்கள், நார்மல் என்று வரும், வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வலி நீடிக்கிறது, ரத்தசோகை இருக்கிறது, சிறுநீரகக் கணக்குகள் சரியில்லை என்றால் அந்த நார்மல் போன் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, ரத்தத்திலும் சிறுநீரிலும் மைலோமா செல்கள் சுரக்கும் புரதத்தைத் தேடும் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும்.

அப்படியானால் போன் ஸ்கேனால் மைலோமாக்காரர்களுக்குப் பயனே இல்லையா?

மிகக் குறைவு. எலும்பு முறிந்தால் ஆறும்போது அங்கே புது எலும்பு உருவாகும், அது போன் ஸ்கேனில் தெரியும். விலா எலும்பு முறிவு போன்றவற்றை இது நன்றாகவே காட்டும். கூடவே வேறொரு புற்றுநோயும் இருக்கிறது, அது எலும்புக்குப் பரவியதா என்று பார்க்க வேண்டும் என்றால் அது தனிக் கதை. மைலோமா எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய மட்டும் இதை நம்ப வேண்டாம்.

மிபி ஸ்கேன் இதயத்துக்கு எடுப்பது அல்லவா? அதை ஏன் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்?

செஸ்டாமிபி, சுருக்கமாக மிபி, இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான் அதிகம் பயன்படுகிறது. பாராதைராய்டு சுரப்பிக் கட்டியைத் தேடவும் அதே ஊசிதான். மைலோமாவில் அது பயன்படுவதற்குக் காரணம் அது செல்லுக்குள் நுழையும் விதம். கொழுப்பில் கரையும், நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு அது. செல்லின் மின்னழுத்த வேறுபாட்டால் ஈர்க்கப்பட்டு உள்ளே போய், மைட்டோகாண்ட்ரியாவில் தங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியா அதிகம் உள்ள, சுறுசுறுப்பான செல்களில் அதிகம் சேரும். மைலோமா செல்கள் அப்படிப்பட்டவை.

ஆரோக்கியமான மஜ்ஜையில் மிபி பெரிதாகத் தெரியாது. நோய் மஜ்ஜை முழுக்கப் பரவியிருந்தால் முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு எல்லாம் சீராகக் கறுத்துத் தெரியும். தனித்தனிக் கட்டிகளாக இருந்தால் புள்ளிகளாகத் தெரியும். இரண்டும் கலந்தும் வரலாம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று மதிப்பெண் போடும் முறையும் உண்டு. அந்த மதிப்பெண் மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மிபியும் டெக்னீசியத்தோடுதான் பிணைக்கப்படுகிறது. டெக்னீசியம்-99எம் தன் கதிரியக்கத்தில் பாதியை 6 மணி நேரத்தில் இழக்கும், ஜெனரேட்டர் என்ற சிறு கருவியிலிருந்து மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்ளலாம், சாதாரண காமா கேமராவே போதும். பெட் இயந்திரம் இல்லாத இடங்களில் மைலோமா செல்லைத் தேடிப் போகும் ஸ்கேன் வேண்டும் என்றால் கையில் இருப்பது இதுதான். ஊசி போட்ட பத்து இருபது நிமிடத்திலேயே படமெடுக்கத் தொடங்கலாம், வெறும் வயிற்றில் மணிக்கணக்காக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மிபி எங்கே கோட்டை விடும்?

மூன்று இடங்கள். இதயம், கல்லீரல், பித்தப்பை, குடல், சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றிலும் மிபி இயல்பாகவே சேரும். முதுகெலும்புக்கு முன்னால் இவை பிரகாசமாக நின்றால் பின்னால் இருக்கும் சிறு கட்டி மறைந்துவிடும். முப்பரிமாணமாக எடுத்து சிடியோடு பொருத்தும் ஸ்பெக்ட்-சிடி இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது.

அப்புறம், காமா கேமராவின் கூர்மை. சென்டிமீட்டருக்கும் குறைவான புள்ளியைப் பிரித்துக் காட்ட அதற்குச் சிரமம். மூன்றாவதுதான் சுவாரசியமானது. சில மைலோமா செல்களின் மேற்பரப்பில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் இருக்கும். சில கீமோ மருந்துகளை வெளியே தள்ளும் அதே பம்ப், மிபியையும் வெளியே தள்ளிவிடும். நோய் இருந்தும் படத்தில் வெளிறித் தெரிய இதுவும் ஒரு காரணம். மருந்துக்கு அடங்காத நோயை இதைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள். அது வழக்கமான நடைமுறையாகவில்லை.

பெட்-சிடி கூடுதலாக என்ன தருகிறது?

பெட்டில் போடும் மருந்து எஃப்டிஜி. குளுக்கோஸைப் போலவே இருக்கும் மூலக்கூறில் புளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்திருப்பார்கள். 1976ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதருக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. பசியோடு குளுக்கோஸை விழுங்கும் செல் இதையும் விழுங்கும். உள்ளே ஹெக்சோகைனேஸ் என்ற என்சைம் அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் அது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும், அந்தச் செல் படத்தில் ஒளிரும்.

ஒரே மேசையில், ஒரே படுக்கையில், சிடியும் சேர்த்து எடுக்கப்படுவதுதான் இதன் பெரிய பலம். சிடி எலும்பில் உள்ள ஓட்டையைக் காட்டுகிறது. பெட் அந்த ஓட்டையில் உயிருள்ள நோய் இருக்கிறதா என்று சொல்கிறது. எலும்புக்கு வெளியே கல்லீரலிலோ நிணநீர்க் கணுக்களிலோ தசையிலோ மைலோமா பரவியிருந்தால் அதையும் அதே படத்தில் பார்க்கலாம். அப்படி வெளியே பரவியிருப்பது சிகிச்சைத் திட்டத்தையே மாற்றக்கூடிய செய்தி.

முன்கணிப்புக்கும் உதவுகிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த பெட்டில் மூன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் ஒளிர்ந்தவர்களுக்கு நோயின் போக்கு கடினமாக இருந்ததை 2009ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. எலும்பில் ஒரே ஒரு கட்டி மட்டும் இருக்கும் பிளாஸ்மாசைட்டோமாவில், வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்யவும் இது முக்கியம்.

ஒரு நிபந்தனையைச் சொல்ல வேண்டும். 2014ல் சர்வதேச மைலோமா பணிக்குழு வகுத்த அளவுகோலின்படி, பெட்டில் ஒளிர்வது மட்டும் எலும்புச் சேதத்துக்கு ஆதாரம் ஆகாது. பெட்-சிடியின் சிடி பகுதியில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அரிப்பு தெரிய வேண்டும். ஒளிர்கிறது, ஆனால் ஓட்டை இல்லை என்றால் உடனே சிகிச்சையைத் தொடங்கிவிடாமல் இன்னும் ஆராய்வார்கள்.

மிபியையும் பெட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 2008ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் புதிதாக மைலோமா கண்டறியப்பட்ட 33 பேருக்கு பெட்-சிடி, மிபி இரண்டையும் எடுத்தார்கள். முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் பெட் 32 பேரிடமும் மிபி 30 பேரிடமும் ஏதோ ஒன்றைக் காட்டியது. இதை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். கட்டிகளை எண்ணினால் கதை மாறுகிறது. பெட் 196 கட்டிகளைக் காட்டியது, மிபி 63ஐ மட்டுமே காட்டியது. முதுகெலும்பு, இடுப்பில் மட்டும் பெட்டுக்கு 75, மிபிக்கு 10, எம்ஆர்ஐக்கு 51.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் இரண்டு ஸ்கேன்களின் குணத்தையும் நன்றாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். மஜ்ஜை முழுக்கப் பரவிய நோயா என்று கேட்டால் மிபி கௌரவமாகப் பதில் சொல்லும். எத்தனை கட்டிகள், எங்கெங்கே என்று கேட்டால் பெட் பக்கத்தில் நிற்க அதனால் முடியாது. இரண்டும் கிடைக்கும் இடத்தில் பெட்-சிடியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெட் எட்டாத தூரத்தில் இருக்கும்போது, மிபியை எடுத்துக்கொண்டு கூடவே குறைந்த கதிர் அளவில் ஒரு சிடி எடுப்பது, போன் ஸ்கேனோடு திருப்திப்படுவதைவிட எவ்வளவோ மேல்.

பெட் ஸ்கேனில் எதுவும் ஒளிரவில்லை. நோய் இல்லை என்று அர்த்தமா?

எப்போதும் அப்படி இல்லை. மேலே சொன்ன ஹெக்சோகைனேஸ் என்சைமின் ஒரு வகை சிலருடைய மைலோமா செல்களில் மிகக் குறைவாக இருக்கும். அந்தச் செல் எஃப்டிஜியை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளாது. 2017ல் வெளியான ஓர் ஆய்வில், எம்ஆர்ஐயில் நோய் தெளிவாகத் தெரிந்தும் பெட்டில் தெரியாதவர்கள் சுமார் 11 சதவீதம் இருந்தார்கள். அவர்களிடம் இந்த என்சைம் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு கண்டது. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பெட்டே வெறுமையாக இருந்தால், பின்னால் எடுக்கும் பெட்டைக் காட்டி "நோய் போய்விட்டது" என்று சொல்ல முடியாது. தொடர் கண்காணிப்புக்கு எம்ஆர்ஐ பொருத்தமாக இருக்கும்.

ஸ்டீராய்டு இன்னொரு காரணம். டெக்ஸாமெத்தசோன் தொடங்கிவிட்டால் ஒளிர்வு சில நாட்களிலேயே அடங்கிவிடலாம். முடிந்தவரை முதல் பெட்டைச் சிகிச்சைக்கு முன்பே எடுப்பது அதனால்தான். மண்டையோட்டில் இருக்கும் சிறு கட்டிகளும் தப்பிவிடும். பக்கத்திலிருக்கும் மூளை குளுக்கோஸை அள்ளிக் குடிப்பதால் அந்தப் பிரகாசத்தில் அவை தெரியாது. அங்கே சிடி படத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மற்ற புற்றுநோய்களுக்குத் தலையின் அடிப்பகுதியிலிருந்து தொடை வரை எடுப்பது வழக்கம். மைலோமாவில் மண்டை, கைகள், கால்கள் எல்லாம் படத்துக்குள் வர வேண்டும். நேரம் வாங்கும்போதே மைலோமா என்று சொல்லிவிடுங்கள்.

ஒளிர்வதெல்லாம் மைலோமாவா?

அல்ல. சமீபத்தில் முறிந்த எலும்பு, அறுவை செய்த இடம், தொற்று, மூட்டுவாதம் எல்லாமே குளுக்கோஸைக் குடிக்கும். வெள்ளணுக்களை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டிருந்தால் மஜ்ஜை முழுவதும் ஒரே சீராக ஒளிரும், நோய் பரவியதைப் போலவே தோன்றும். கடுமையான ரத்தசோகையில் மஜ்ஜை அதிகமாக உழைப்பதாலும் அப்படித் தெரியலாம். கடைசியாக ஊசி போட்ட தேதி, எலும்பு முறிந்த தேதி, காய்ச்சல் இருந்ததா என்பதையெல்லாம் ஸ்கேன் மையத்தில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு தேதி தெரியாததால் தப்பான முடிவு எழுதப்படுவதைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவது நல்லது.

எம்ஆர்ஐ, குறைந்த அளவு சிடி இருக்கும்போது அணு ஸ்கேன் எதற்கு?

நியாயமான கேள்வி. பழைய எக்ஸ்ரே தொடர் எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் அரிப்பைக் காட்டும். அதனால் இப்போது பல இடங்களில் முதல் பரிசோதனை முழு உடல் குறைந்த அளவு சிடி. 212 பேரை வைத்து 2017ல் வெளியான ஒப்பீட்டில், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் சிடியில் அரிப்பு தெரிந்தவர்கள் நால்வரில் ஒருவர். எம்ஆர்ஐ இன்னும் ஒரு படி முன்னால் போகும். எலும்பு கரையத் தொடங்குவதற்கு முன்பே மஜ்ஜைக்குள் நோய் நுழைந்திருப்பதைக் காட்டும்.

பிரான்சில் 134 பேரிடம் நடந்த இமாஜெம் ஆய்வில், நோய் கண்டறிந்த நேரத்தில் எம்ஆர்ஐ 95 சதவீதம் பேரிடமும் பெட்-சிடி 91 சதவீதம் பேரிடமும் எலும்பு நோயைக் காட்டின. கண்டுபிடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பராமரிப்பு சிகிச்சை தொடங்கும் முன் பெட் நார்மலானவர்களுக்கு நோய் திரும்ப அதிக காலம் பிடித்தது. எம்ஆர்ஐ நார்மலானதோ ஆகாததோ அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோய் செத்த பிறகும் எம்ஆர்ஐயில் தடம் நீண்ட நாள் நிற்கும் என்பது காரணம்.

ஆக, தொடக்கத்தில் சிடியோ எம்ஆர்ஐயோ பெட்-சிடியோ எதுவும் பொருந்தலாம். சிகிச்சை வேலை செய்கிறதா என்று கேட்கும்போது பெட் முன்னால் வந்துவிடுகிறது.

சிகிச்சை முடிந்தும் சிடியில் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லையா?

பயப்பட வேண்டாம். அரித்த எலும்பு மைலோமாவில் பெரும்பாலும் நிரம்புவதில்லை. நோய் முழுவதும் அடங்கிய பிறகும் ஓட்டை வருடக்கணக்கில் படத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது அந்த ஓட்டை இன்னும் ஒளிர்கிறதா என்பதை.

அதை அளக்க டோவில் என்ற ஐந்து படி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கட்டியின் ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிடுவதுதான் சாரம். கட்டிகளும் மஜ்ஜையும் கல்லீரலைத் தாண்டி ஒளிராவிட்டால், அதாவது நான்குக்குக் கீழே மதிப்பெண் வந்தால், அதை முழுமையான வளர்சிதைப் பதில் (பெட் அளவில் நோய் அடங்கிவிட்டது) என்று எடுத்துக்கொள்ளும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. ரத்தத்தில் புரதமே சுரக்காத வகை மைலோமா சிலருக்கு இருக்கும். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை வழி காட்டாது என்பதால் பெட்டின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பெட்டுக்கு எப்படித் தயாராக வேண்டும்? சர்க்கரை நோய் இருக்கிறது.

பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதும்கூட. முந்தைய நாள் கடினமான உடற்பயிற்சி வேண்டாம், களைத்த தசை எஃப்டிஜியை இழுத்துக்கொள்ளும். ஊசி போட்ட பிறகு சுமார் 60 நிமிடம் பேசாமல் அசையாமல் கதகதப்பாக இருக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மையங்கள் தேதியைத் தள்ளிவைத்துவிடும், ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் எஃப்டிஜியோடு போட்டி போடும். அதைக் குறைக்கிறேன் என்று ஸ்கேனுக்குச் சற்று முன் இன்சுலின் போட்டுக்கொள்ளவே கூடாது. மருந்து முழுக்கத் தசைக்குள் போய்விடும், படம் வீணாகும். மைலோமா சிகிச்சையில் ஸ்டீராய்டு இருப்பதால் சர்க்கரை ஏறுவது சகஜம். ஸ்கேன் நாளுக்கு மாத்திரை, இன்சுலின் அட்டவணையை மையத்திடமும் சர்க்கரை மருத்துவரிடமும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும். அதை நிறுத்தலாமா என்று அவர்களே சொல்லட்டும்.

இத்தனை கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா?

இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். போன் ஸ்கேன் ஊசி சுமார் 4, மிபியும் எஃப்டிஜியும் 7க்கு அருகில், போடும் அளவைப் பொறுத்து மாறும். பெட்டோடு வரும் சிடி அதற்கு மேல் சேரும், குறைந்த அளவில் எடுத்தால் சில மில்லிசீவர்ட். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது. எலும்பை முறிக்கக்கூடிய ஒரு நோயின் இருப்பிடத்தை அறிய இந்த அளவு ஏற்கத்தக்கது என்பது என் உறுதியான கருத்து. கேள்வியே இல்லாமல் அடிக்கடி எடுப்பதுதான் தவறு. எஃப்டிஜி ஊசியின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அன்று சில மணி நேரம் நெருங்காமல் இருந்தால் போதும். நோயாளியே கர்ப்பமாக இருந்தால் அல்லது பாலூட்டினால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது. இந்த ஊசிகள் போடலாமா?

போடலாம். எஃப்டிஜி, மிபி, எம்டிபி மூன்றுமே மிகச் சிறிய அளவில் போடப்படுபவை, சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. மைலோமாவில் பயப்பட வேண்டியது சிடிக்குப் போடும் அயோடின் சாயத்துக்கு. எலும்பைப் பார்க்க அந்தச் சாயம் தேவையே இல்லை. சாயம் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவைக் காட்டி, அவசியமா என்று கேளுங்கள்.

சோடியம் புளூரைடு பெட் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. படம் போன் ஸ்கேனைவிட மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் புளூரைடும் எலும்பு கட்டப்படும் இடத்தைத்தான் தேடிப் போகிறது. மைலோமாவுக்கு அதே பழைய சிக்கல்.

புதிதாக வேறு ஊசிகள் வருகின்றனவா?

பல ஆய்வில் இருக்கின்றன. எனக்கு அதிக நம்பிக்கை தருவது மெத்தியோனின். மைலோமா செல் ஓயாமல் புரதம் தயாரிக்கும் செல், அதற்கு அமினோ அமிலம் நிறைய வேண்டும். அந்தப் பசியைப் பிடித்துக்கொள்ளும் கார்பன்-11 மெத்தியோனின், ஒப்பீடுகளில் எஃப்டிஜியைவிடக் கூடுதல் கட்டிகளைக் காட்டியிருக்கிறது. கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதனால்தான் பரவவில்லை. சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பியைத் தேடும் பென்டிக்ஸாஃபோர், மைலோமா செல்லின் மேலிருக்கும் சிடி38 என்ற புரதத்தைத் தேடிப் போகும், கதிரியக்கம் சேர்த்த டாராடுமுமாப் என்ற மைலோமா மருந்து ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. இவற்றில் எதுவும் இன்னும் எஃப்டிஜியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டுமா?

முடிந்தால், ஆம். ஒளிர்வின் அளவாக எஸ்யூவி என்று அறிக்கையில் வரும் எண் இயந்திரத்தையும், ஊசிக்கும் படத்துக்கும் இடையில் விட்ட நேரத்தையும், அன்றைய சர்க்கரையையும் பொறுத்து மாறும். ஓரிடத்தில் 5 என்றும் இன்னோரிடத்தில் 6 என்றும் வந்ததை வைத்து நோய் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. இடம் மாறியே ஆக வேண்டும் என்றால் பழைய அறிக்கைத் தாள் மட்டும் போதாது, பழைய படங்கள் இருக்கும் குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள்.

பெட்டுக்குத் தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை எதைக் கவனிக்க வேண்டும்?

காலில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, முதுகில் திடீரெனக் கடும் வலி. இவற்றில் எது வந்தாலும் முதுகுத்தண்டு அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே அவசர சிகிச்சைக்குப் போய் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். பெட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அடங்காத தாகம், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் என்றால் கரையும் எலும்பிலிருந்து ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், அதற்கும் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ எடை ஊன்றும்போது வலித்தால், அந்த எலும்பு எவ்வளவு தாங்கும் என்று எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டாம்.